சம்பளத்தில் உப்பு எவ்வளவு?

வடாலாவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் தமிழ் வகுப்பில் நான் பல ஆண்டுகளாக ஒரு கதை சொல்லி வந்தேன். ரோமானியப் பேரரசில் படைவீரர்களுக்குக் கூலியாக உப்பைக் கொடுத்தார்கள்; லத்தீன் மொழியில் உப்புக்கு 'சால்' என்று பெயர்; அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் 'சாலரி' என்ற சொல் வந்தது. நம் முன்னோரும் சளைத்தவர்கள் அல்லர். அவர்கள் சம்பா நெல்லும், உப்பாகிய அளமும் கூலியாகக் கொடுத்தார்கள். சம்பாவும் அளமும் சேர்ந்து 'சம்பளம்' ஆயிற்று. இதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள் தலையாட்டுவார்கள். ஒரு மாணவன் இதைப் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசுகூட வாங்கி வந்தான்.

சென்ற மழைக்காலத்தில், ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "சார், சம்பளமா உப்புக் குடுத்தா, அவங்க வீட்டு வாடகை எப்படிக் கட்டினாங்க?"

மும்பைக் குழந்தை அல்லவா, வாடகையைப் பற்றித்தான் முதலில் கேட்கத் தோன்றும். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் இந்தக் கதையை எங்கே படித்தேன்? யார் சொன்னது? எந்த ரோமானியர் எழுதி வைத்தார்? அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டப் புரட்ட, நான் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை என்று தெரிந்தது. தவறு என் வாயால் பல வீடுகளுக்குப் போயிருக்கிறது. திருத்தமும் அதே வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சரியான பாதி. 'சாலரி' என்ற சொல்லின் வேர் உப்புதான், இதில் ஐயமில்லை. லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. உப்புக்குரியது என்ற பொருளில் 'சாலாரியுஸ்' என்று ஓர் அடைச்சொல் உண்டு. அதிலிருந்து 'சாலாரியும்' என்ற பெயர்ச்சொல் பிறந்து, ஒருவருக்குக் குறித்த தவணையில் தரப்படும் படி அல்லது ஊதியம் என்ற பொருளில் வழங்கியது. ரோம் வீழ்ந்த பிறகும் லத்தீன் வீழவில்லை. அது பிரெஞ்சு, போர்த்துகீசியம், இத்தாலியம் என்று பல பிள்ளைகளைப் பெற்றது. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது பிரெஞ்சு அங்கே அரசாங்க மொழி ஆயிற்று. அந்த வழியாக 'சாலாரி' என்ற வடிவம் உள்ளே நுழைந்து, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்துக்களில் இடம்பிடித்தது. பிறகு ஆங்கிலேயரோடு கப்பலேறி நம் கோட்டைப் பகுதி ஆபீசுகளுக்கும் வந்தது.

இதே 'சால்' வேறு பல இடங்களிலும் ஒளிந்திருக்கிறது. உப்பிட்ட கீரை 'சாலட்' ஆயிற்று. உப்பிட்ட குழம்பு 'சாஸ்' ஆயிற்று. உப்பிட்ட இறைச்சி 'சாசேஜ்' ஆயிற்று. ஹோட்டல் மேசையில் இருக்கும் இத்தனைக்கும் அடியில் ஒரே உப்புக்கல்தான். ஆனால் 'சால்ட்' என்ற ஆங்கிலச் சொல் மட்டும் லத்தீனிலிருந்து வந்ததன்று. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீன் 'சால்', கிரேக்க 'ஹல்ஸ்', ஜெர்மானிய 'ஸால்ட்ஸ்', ரஷ்ய 'சோல்' ஆகியவை எல்லாம் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். ஆக 'சால்ட்'டும் 'சாலரி'யும் தாயும் மகளும் அல்ல, பெரியப்பா வீடு சித்தப்பா வீடு என்ற உறவுதான். நம் 'உப்பு' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றும் நம்மோடு சேர்ந்து 'உப்பு' என்றே சொல்கின்றன.

இனி சரியில்லாத பாதி. ரோமானியப் படைவீரனுக்கு உப்பைக் கூலியாகக் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்த பண்டைய ஆசிரியர் ஒருவரும் இல்லை. எல்லோரும் கையைக் காட்டுவது மூத்த பிளினி என்பவரை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன அந்த அறிஞர், 'இயற்கை வரலாறு' என்று 37 பாகங்களில் ஒரு பெருநூல் எழுதினார். அதன் 31ஆம் பாகத்தில் உப்பைப் பற்றி நீளமாகப் பேசுகிறார். உப்பு இல்லாமல் நாகரிக வாழ்வு இல்லை என்கிறார். மனத்தின் இன்பங்களுக்கும் நகைச்சுவைக்கும்கூட லத்தீனில் உப்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்கிறார். (நாமும் 'உப்புச்சப்பில்லாத பேச்சு' என்று சொல்கிறோம், பாருங்கள்.) பிறகு, பதவிகளிலும் படைப்பணியிலும் உப்புக்கு இடம் இருந்தது, 'சாலாரியும்' என்ற பெயர் அதனால் வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, உப்பைச் சுமந்து சென்ற 'சாலாரியா' என்ற சாலையைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார். அவ்வளவுதான். கூலியாக உப்பைக் கொடுத்தார்கள் என்றோ, உப்பு வாங்கப் பணம் கொடுத்தார்கள் என்றோ அவர் விளக்கவில்லை. சொல்லுக்கும் உப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அவர் சாட்சி. மூட்டையில் சம்பளம் வந்தது என்பதற்குச் சாட்சி அல்லர்.

பின்னே படைவீரன் என்னதான் வாங்கினான்? காசு. அகஸ்டஸ் காலத்தில் ரோமானியக் காலாட்படை வீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியுஸ் என்னும் வெள்ளிக்காசுகள் ஊதியம். அதை மூன்று தவணைகளாக, தவணைக்கு 75 என்று கொடுத்தார்கள். முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் டொமீஷியன் என்ற பேரரசர் அதை 300 ஆக உயர்த்தினார். உணவுக்கும் உடைக்கும் பிடித்தம் உண்டு; எகிப்தில் கிடைத்த பப்பைரஸ் தாள்களில் அந்தப் பிடித்தக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. பிராவிடண்ட் ஃபண்டு பிடித்தம் பார்த்துப் பெருமூச்சு விடும் நம்மவர்களுக்கு அந்த வீரர்களின் மனநிலை நன்றாகவே புரியும். அவர்கள் வாங்கிய அந்த ஊதியத்துக்கு லத்தீனில் பெயர் 'ஸ்டிபெண்டியும்', 'சாலாரியும்' அல்ல. 'சாலாரியும்' என்பது பேரரசுக் காலத்தில் பெரும்பாலும் அதிகாரிகளும் பணியாளர்களும் பெற்ற படிகளைக் குறித்தது.

இந்தக் கதை பரவியதற்கு 19ஆம் நூற்றாண்டு அகராதிகளுக்கும் பங்கு உண்டு. 1879இல் வெளிவந்து, இன்றும் மாணவர்கள் புரட்டும் லூயிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதி, 'சாலாரியும்' என்றால் ஆதியில் உப்புக்காகப் படைவீரர்களுக்குக் கொடுத்த பணம் என்று விளக்கம் எழுதியது. கவனியுங்கள், அங்கேயும் உப்பு வாங்கப் பணம்தான், உப்பு அன்று. அது ஓர் ஊகம். ஊகம் அகராதியில் ஏறியதும் உண்மை போலத் தோன்றியது. அடுத்தடுத்துச் சொன்னவர்கள் பணத்தை விட்டுவிட்டு உப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் கடைசியில் நின்று சொன்னவன் நான்.

இதன் தம்பி போல இன்னொரு கதையும் உண்டு: 'சோல்ஜர்' என்பதும் உப்பிலிருந்து வந்தது என்பார்கள். இது முழுக்கத் தவறு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர் 'சோலிதுஸ்' என்ற தங்கக் காசை வெளியிட்டார். ஒரு ரோமானியப் பவுண்டு தங்கத்தில் 72 காசுகள். 'சோலிதுஸ்' என்றால் கெட்டியானது. ஆங்கில 'சாலிட்' அதுவே. அந்தக் காசின் பெயர் பிரெஞ்சில் தேய்ந்து கூலி என்று பொருள்பட்டு, கூலிக்குப் போர் செய்பவன் 'சோல்ஜர்' ஆனான். உப்புக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

'ஸ்டிபெண்டியும்' என்ற சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை. அணுசக்தி நகரிலும் செம்பூரிலும் இருக்கும் நம் குடும்பங்களில், டிராம்பேயில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த பிள்ளை மாதாமாதம் வாங்குவது 'ஸ்டைபெண்ட்'. அது ரோமானியச் சிப்பாய் வாங்கிய அதே சொல். 'ஸ்டிப்ஸ்' என்றால் சில்லறைக் கொடை. 'பெண்டெரெ' என்றால் எடை போடுதல், தொங்கவிடுதல். காசு அச்சிடும் முன்பு உலோகத்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்த காலத்தின் நினைவு அது. தாத்தா வாங்கும் 'பென்ஷன்' அதே தராசிலிருந்து வந்தது. மாதக் கடைசியில் நாம் கணக்குப் பார்க்கும் 'எக்ஸ்பென்ஸ்' அதே தராசிலிருந்து வந்தது. கடிகாரத்தில் ஆடும் 'பெண்டுல'மும் அங்கிருந்து வந்ததுதான். பேரனின் ஸ்டைபெண்டும் தாத்தாவின் பென்ஷனும் ஒரே தராசுத் தட்டில் கிடக்கின்றன.

ஆனால் நம் ஊரில் இவற்றையெல்லாம் விட அதிகமாகப் புழங்கும் சொல் எது? 'பகார்'. 'பகார் வந்தாச்சா?' என்று தமிழ் பேசும்போதே கேட்கிறோம். மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் சொல்வதை நாம் கடன் வாங்கினோம். அவர்கள் கடன் வாங்கியது போர்த்துகீசியரிடம். 1534 முதல் 1661 வரை இந்தத் தீவுகள் போர்த்துகீசியர் கையில் இருந்தன. வசையிலும் கோவாவிலும் இன்னும் நெடுங்காலம் இருந்தார்கள். அவர்கள் மொழியில் 'பகார்' என்றால் பணம் கொடுத்தல். அதற்கு மூலம் லத்தீன் 'பாகாரே': சமாதானப்படுத்துதல். 'பாக்ஸ்' என்றால் அமைதி. கடன் கொடுத்தவரைப் பணம் கொடுத்து அமைதிப்படுத்துவதால் அது 'கொடுத்தல்' என்று ஆயிற்று. அதே 'பாகாரே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பே' ஆயிற்று. ஆக, ஆபீசர் சொல்லும் 'பே'யும், ஹமால் சொல்லும் 'பகா'ரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று லண்டன் சுற்றி வந்தது, மற்றொன்று லிஸ்பன் சுற்றி வந்தது. இரண்டும் தாதர் ஸ்டேஷனில் சந்தித்துக்கொண்டன.

லத்தீனைத் தேடி எங்கோ போக வேண்டியதில்லை. நம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாலே போதும். 'சாவி' போர்த்துகீசியச் சொல். அதன் லத்தீன் மூலம் 'கிளாவிஸ்'. 'மேசை'யின் மூலம் 'மென்ஸா'. 'அலமாரி'யின் மூலம் 'அர்மாரியும்'; கருவிகளும் ஆயுதங்களும் வைக்கும் பெட்டகம். 'பாதிரி'யின் மூலம் 'பாட்டெர்', தகப்பன். 'ஜன்னல்' என்பது 'ஜானுவா' என்ற கதவின் சிறு வடிவம். குட்டிக் கதவு என்று பொருள். ஒற்றை அறைக் குடித்தனத்தில் ஜன்னலைக் கதவாகப் பயன்படுத்திப் பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் வியப்பு இராது.

இனி என் கதையின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். இதைத் தொடுவதற்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சம்பா + அளம் = சம்பளம் என்பது எனக்கு மட்டுமல்ல, நம்மில் பலருக்கும் பிடித்தமான விளக்கம். தனித்தமிழ் அன்பர்கள் பலர் இதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் இலக்கணம் படித்தவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். மா + இலை 'மாவிலை' ஆகிறது. ஆகாரத்தின் பின் உயிர் வந்தால் வகர உடம்படுமெய் தோன்றும். அப்படியானால் சம்பா + அளம் 'சம்பாவளம்' ஆக வேண்டும். இதைத் தெரிந்தவர்கள் 'சம்பு' + அளம் என்று பிரிக்கிறார்கள். உப்பு + அளம் உப்பளம் ஆவது போல, இது சந்திக்குப் பொருந்தும். ஆனால் சந்திக்குப் பொருந்துவது வேறு, அப்படி நடந்தது என்பது வேறு. நெல்லையும் உப்பையும் சேர்த்துச் 'சம்பளம்' என்று சொன்ன ஒரு பழைய வழக்கையாவது காட்டினால் அல்லவா ஏற்கலாம்?

மறுபக்கம் பாருங்கள். கன்னடத்தில் 'சம்பள', மலையாளத்திலும் 'சம்பளம்'. வடமொழியிலும் பாலியிலும் 'சம்பல' என்ற சொல் இருக்கிறது. வழிப்பயணத்துக்கு எடுத்துச் செல்லும் உணவு என்பது பொருள். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் இந்தியிலும் 'சம்பல்' உண்டு. ஆதரவு, பிடிப்பு என்ற பொருளில் வருகிறது. ஒலியும் பொருளும் அடுத்தடுத்த மொழிகளில் இப்படித் தொடர்ச்சியாகக் கிடைக்கும்போது, நம் 'சம்பளம்' அந்த வழியில் வந்தது என்று கொள்வதே பொருத்தமாக எனக்குப் படுகிறது. சம்பா–அளம் விளக்கம், 'சாலரி'யின் உப்புக் கதையைக் கேட்ட பிறகு அதற்கு இணையாக நாமும் ஒன்று வைத்துக்கொள்வோம் என்று தோன்றியதோ என்பது என் சந்தேகம். இதனால் தமிழுக்கு ஒரு குறைவும் இல்லை. உண்மையில், இதைப் படித்தபோது எனக்குச் சம்பா நெல்லைவிட இது நெருக்கமாக இருந்தது. வழிச்சோறு! புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்த நாம் அல்லவா அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள்?

நெல்லையும் உப்பையும் கூலியோடு சேர்த்துப் பேசியது முழுக்கக் கற்பனை என்றும் யாரும் எண்ண வேண்டாம். சங்கப் பாடல்களில் உப்பும் நெல்லும் சரிக்குச் சரியாக மாறும் காட்சி உண்டு. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் தெருவில் கூவிச் செல்கிறாள். அவள் கேட்கும் விலை நெல். உமணர்கள் மாட்டுவண்டிகளில் உப்பேற்றி, மனைவி மக்களோடு உள்நாட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அது பண்டமாற்று, ஊதியம் அன்று. ஊதியம் வேண்டுமானால் தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் படிக்க வேண்டும். முதலாம் ராஜராஜன் அங்கே ஆடல் பெண்டிர் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்தான். அதற்குக் கல்வெட்டில் வரும் பெயர் 'பங்கு'. வேறு கல்வெட்டுக்களில் பிழைப்புக்காக விடப்பட்ட மானியத்துக்கு 'ஜீவிதம்' என்று பெயர். அந்தச் சொல்தான் தெலுங்கில் தேய்ந்து 'ஜீதம்' ஆகி, இன்றும் சம்பளத்தைக் குறிக்கிறது. பணத்துக்கும் மாட்டுக்கும்கூட உறவு உண்டு: லத்தீனில் 'பெக்குஸ்' என்றால் கால்நடை, 'பெக்கூனியா' என்றால் பணம், திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் 'மாடு' என்ற சொல் செல்வம் என்ற பொருளிலேயே வருகிறது. இந்த ஒற்றுமைக்கு யாரும் கதை கட்ட வேண்டியதில்லை, நூலிலேயே இருக்கிறது.

'கூலி'யைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் வாங்கினால் சம்பளம், நாள் வாங்கினால் கூலி என்று நாம் பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் 'சாலரி', 'வேஜ்' என்று அதே பிரிவு இருக்கிறது. 'வேஜ்' லத்தீன் அன்று, ஜெர்மானிய மூலம் கொண்டது. மேசைக்காரருக்கு ஒரு சொல், மண்வெட்டிக்காரருக்கு ஒரு சொல். நம் 'கூலி'யைத்தான் ஆங்கிலேயர் எடுத்து, வேலைக்குக் கொடுக்கும் பணத்தின் பெயரை வேலை செய்யும் மனிதனுக்கே சூட்டிவிட்டார்கள் என்பது ஒரு கருத்து. மற்றொரு கருத்து, 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்–ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்திய அகராதி சொல்வது: மேற்குக் கரையின் கோளி மக்களின் பெயரிலிருந்து வந்து, தமிழ்க் 'கூலி'யோடு கலந்திருக்கலாம் என்கிறது. கோளிகள் இந்த மும்பைத் தீவுகளின் ஆதிகுடிகள். எப்படிப் பார்த்தாலும், ஒன்று நம்மை அழைத்த சொல், அல்லது நாம் குடியேறிய ஊருக்குச் சொந்தக்காரர்களை அழைத்த சொல். கப்பலில் மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் மலேயாவுக்கும் போன லட்சக்கணக்கான தமிழர்களின் தலையில் அந்தச் சொல் ஏறி உட்கார்ந்தது. வேர் எது என்பது அகராதிக்காரர்களின் வழக்கு, வலி அவர்களுடையது.

உப்பைத் தேடி ரோமாபுரி வரை போன எனக்கு, வீட்டு வாசலில் இருந்த உப்பு கடைசியில்தான் கண்ணில் பட்டது. வடாலா கிழக்கில் 'சால்ட் பேன் ரோடு' என்றே ஒரு சாலை இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரை நின்று யோசித்திருக்கிறோம்? இந்தப் பகுதி முழுவதும் கடல்நீர் ஏறி இறங்கிய உப்பளம். 2014 பிப்ரவரியில் செம்பூரிலிருந்து வடாலாவுக்கு மோனோரயில் விட்டபோது, ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குக் கீழே சேறும் அலையாத்திச் செடிகளும் தெரிந்தன. காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்டு பக்கம் நெடுஞ்சாலையில் போனவர்கள் பாத்தி பாத்தியாகப் பிரித்த உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். முலுண்டில் 'மிட்டாகர் ரோடு' என்று ஒரு சாலை உண்டு. மராத்தியில் 'மீட்' என்றால் உப்பு, 'மிட்டாகர்' என்றால் உப்பளம். இந்தியில் 'மீட்டா' என்றால் இனிப்பு! இரண்டும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. சுவையானது என்பது அதன் பொருள். இந்தி பேசுபவர் சர்க்கரையில் சுவை கண்டார், மராத்தி பேசுபவர் உப்பில் கண்டார். மும்பைக்கு வந்த புதிதில் வாணிக் கடையில் 'மீட்டா' என்று கேட்டுவிட்டு உப்புப் பொட்டலத்தோடு திரும்பிய நம் தாய்மார்கள் உண்டு.

'ஆகர்' என்ற அந்தச் சொல்லிலிருந்துதான் உப்பு விளைவிக்கும் ஆக்ரி மக்களின் பெயரும் வந்தது. மழை ஓய்ந்த பிறகு அவர்கள் வேலை தொடங்கும். கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. பெருவெள்ளத்தின்போது நீரைக் கால்வாயில் ஏற்றி, பாத்தி மாற்றிப் பாத்தியாக வெயிலில் காயவைத்துச் சுண்ட வைப்பார்கள். நன்றாகச் சுண்டிய பிறகுதான் உப்பு பூக்கும். மழை வரும் முன் வாரி முடித்தாக வேண்டும். தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான், அதிலும் பெரும்பகுதி அவர்கள் ஊரில்தான். முழங்கால் வரை உப்புநீரில் நின்று, பாதம் வெடித்து, கண் கூசி வேலை செய்பவர்கள் வாங்குவதும் கூலிதான். 'உப்பிலிருந்து வந்தது சம்பளம்' என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொன்ன நாட்களில் அவர்களை ஒரு தடவைகூட நினைத்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வடாலா உப்புக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1930 ஏப்ரல் 6ஆம் தேதி காந்தியடிகள் தண்டியில் உப்பு எடுத்தார். அப்போது ஒரு மணங்கு உப்புக்கு ஒன்றே கால் ரூபாய் வரி. மணங்கு என்பது சுமார் 37 கிலோ. ராஜாஜி ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு புறப்பட்டு வேதாரணியத்துக்கு நடந்தார்; ஏப்ரல் 30ஆம் தேதி அங்கே உப்பு அள்ளிக் கைதானார். இதை நம் பிள்ளைகளுக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் இங்கே, நம் வடாலா உப்பளத்தில், அலையலையாகத் தொண்டர்கள் புகுந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கில் கைது செய்தார்கள். ஜூன் 1ஆம் தேதி சுமார் 15,000 பேர் திரண்டார்கள். போலீஸ் வளையத்தை உடைத்துக்கொண்டு, ஆண்களும் பெண்களும் சேற்றில் இறங்கி உப்பை அள்ளிக்கொண்டு போனார்கள். உப்பு வரி 1947இல்தான் ஒழிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பழைய நோட்டைத் திறக்கச் சொல்லி, ரோமானியப் படைவீரர்களின் உப்பையும், சம்பாவையும் அளத்தையும் அடிக்கச் சொன்னேன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பையனின் முகம் வாடியது, "கப்பைத் திருப்பித் தரணுமா சார்?" என்று கேட்டான். வேண்டாம், தவறு உன்னுடையது அல்ல என்றேன். பிறகு வெள்ளிக்காசுக் கணக்கையும் பகார் கதையையும் சொன்னேன். வாடகைக் கேள்வி கேட்ட சிறுமிக்கு 225 காசுக் கணக்கு திருப்தியாக இருந்தது போலத் தெரிந்தது. மணி அடித்த பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"சார், வாடகைங்கிற சொல் எந்த மொழியில இருந்து வந்தது?"

அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.